கொழலுக்குள்ள பாரு கண்ணு

புலி சுட்ட துப்பாக்கிங்கறயா கண்ணு? ரொம்ப சந்தோசம். பொள்ளாச்சியச் சுத்தி எந்தப் பழைய ஊட்டுல ரெட்டைக்கொழல் துப்பாக்கி இருந்தாலும் அது புலி சுட்டதுதான். அத்தனை துப்பாக்கியும் ஆளுக்கொரு புலி சுட்டிருந்தா ஆனமலையில புலி நிக்கறதுக்கே எடம் பத்தியிருக்காது. மொசல் சுட்டது, கௌதாரி சுட்டது, சோளக்காட்டுல காட்டுப்பன்னிய வெரட்ட வானத்தப் பாத்து வெடிச்சதுன்னு ஒரு துப்பாக்கியக்கூட நான் இதுவரைக்கும் கேள்விப்படல. கௌதாரி சுட்டதுன்னு சொன்னா வெல ஏறாது பாரு. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்து புலியச் சுடக் கூடாதுன்னுட்டாங்க. அதுக்கப்பறமும் விக்கறவன் வாயில புலி வருசா வருசம் செத்துக்கிட்டேதான் இருக்குது.

நீ யாரு? கோயமுத்தூருல பம்பு செட்டு பண்றவன். ரெண்டு தௌ, அங்குலத்துல ஆயிரத்துல ரெண்டு பங்கு, கூடிப்போச்சுன்னு ஒரு வார்ப்பையே தூக்கி ஸ்கிராப்புல வீசறவன். கம்பெனியில போர் கேஜ் என்ன, மைக்ரோமீட்டர் என்ன, டயல் என்ன! அப்பேர்ப்பட்ட மகராசன் ஒரு துப்பாக்கியப் பாத்துட்டு வந்து, "அப்பிச்சி, மேல பூ வேலப்பாடு பிரமாதம்"ங்கற. பூ வேலப்பாடு பாக்கறதுக்கு உன்ற ஊட்டுக்காரியத் தாட்டி உட்டிருக்கலாமே. அவளாச்சும் சேலைக் கடையில முந்தானையத் திருப்பி உள்பக்கம் பாக்காம காசு குடுக்க மாட்டா.

சரி, வாங்கறதுக்கு முன்னால என்ன பாக்கறதுன்னு கேட்டுப்போட்ட. சொல்றேன். நீ கேக்கப்போறதில்லைன்னும் தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. கைக்கு வந்த உடனே தொறந்து பாரு. மேல ஒரு நாக்கு இருக்கும், வலது பக்கம் தள்ளினா கொழல் மடங்கித் தொங்கும். ரெண்டு அறையும் காலியான்னு கண்ணுல பாரு, வெரல உட்டும் பாரு. "இருவது வருசமாத் தோட்டாவே போடலீங்க"ம்பான். போட்ட ஞாபகம் இல்லாத ஊட்டுலதான் கண்ணு தோட்டா உள்ளாரயே கெடக்கும். பாத்தாச்சா? இனி டிக்கு டிக்குன்னு விசைய அமுக்கி வெளையாடாத. வெத்தறையில ஊசி அடிச்சு அடிச்சுப் பழைய இரும்பு முனை தெறிச்சுப்போகும். அப்பறம் ஒடச்ச பாவத்துக்கு நீயே எடுத்துக்கன்னு உன்ற தலையில கட்டிப்போடுவான். ஸ்நாப் கேப்புன்னு போலித் தோட்டா விக்குது, அதப் போட்டுத்தான் அமுக்கிப் பாக்கோணும்.

அடுத்தது பேரு. அதுலதான நீ மயங்கிப்போன! ரெண்டு கொழலுக்கும் நடுவால ஓடற பட்டையில எழுதியிருக்கும். மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ்னு இருக்கும், கல்கத்தா ரோடா கம்பெனின்னு இருக்கும். அதெல்லாம் வித்த கடை சாமி. மவுண்ட் ரோட்டுல கடியாரம் வித்த கடையிலயே துப்பாக்கியும் வித்த காலம் அது. இங்கிலாந்துல பர்மிங்காம் பட்டறைக்காரன் செஞ்சு குடுப்பான், கடைக்காரன் தன்ற பேரப் பொறிச்சுக்குவான். அதுல தப்பொண்ணும் இல்ல, பர்மிங்காம் துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான். ஆனா பேருக்குன்னு தனியா வெல குடுக்காத. இன்னொண்ணு, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸுங்கறது பர்மிங்காமுல பேரெடுத்த கம்பெனி. வெறும் டபிள்யூ. ரிச்சர்ட்ஸுன்னு போட்டு பெல்ஜியத்துல மலிவாச் செஞ்சு கப்பல் கப்பலா வித்திருக்கறாங்க. வாங்கறவன் முக்கால்வாசிதான் படிப்பான்னு அந்த நாட்டுக்காரனுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்குது. நீ முழுசாப் படி.

மேல எழுதினத உடு. அடியில எழுதினதப் பாரு. முன்கட்டையக் கழட்டு, கொழலத் தனியா எடு, கவுத்துப் போடு. அறைக்கு அடியில தட்டையா ஒரு எடம் இருக்கும். அங்கதான் துப்பாக்கியோட ஜாதகமே கெடக்குது. லண்டன்ல துப்பாக்கி செய்யறவங்க சங்கத்துக்கு ராஜா 1637லயே பட்டயம் குடுத்துட்டான். பர்மிங்காமுல சோதனைச் சாலை வந்தது 1813ல. புதுக் கொழல்ல அளவுக்கு மேல மருந்தக் கெட்டிச்சு வெடிச்சுப் பாப்பாங்க. தாங்கினா முத்திரை, தாங்கலீன்னா பழைய இரும்புக் கடை. லண்டன்னா கிரீடத்துக்கு அடியில ஜி.பி.ன்னு குத்தியிருக்கும். பழைய பர்மிங்காம்னா குறுக்குவாட்டுல ரெண்டு செங்கோலு. முட்டை வடிவத்துக்குள்ள இ.எல்.ஜி.ன்னு இருந்தா பெல்ஜியம் லியேஜ் பட்டணம். முத்திரையே இல்லாம வழவழன்னு இருந்தா, தேச்சு எடுத்தவன் எதுக்கோசரம் தேச்சான்னு கேளு.

அந்த முத்திரைக் கூட்டத்துல நீ தேட வேண்டியது என்.பி.ங்கற ரெண்டு எழுத்து. நைட்ரோ மருந்துக்குச் சோதிச்சதுன்னு அர்த்தம். 1904ல வந்த விதிப்படி பர்மிங்காமுல கிரீடத்துக்குக் கீழ என்.பி., லண்டன்ல வளைஞ்ச வாளப் புடிச்ச ஒரு கைக்குக் கீழ என்.பி. அந்தக் காலத்துக் கருமருந்து வேற, இப்பத்திப் புகையில்லா நைட்ரோ மருந்து வேற. கருமருந்துக்கு மட்டும் சோதிச்ச கொழல்ல இப்பத்தித் தோட்டாவப் போட்டு வெடிச்சா, முன்னால நிக்கற பன்னிக்கு ஆபத்தோ இல்லையோ, கொழலுக்கு அடியில கைய வெச்சிருக்கறவனுக்கு நிச்சயம்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குது, உன்ற மாதிரிப் படிச்சவனெல்லாம் மாட்டற எடம். பழைய இங்கிலீசு 12 போர்ல தோட்டா உக்கார்ற அறை ரெண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். 1925க்கு அப்பறம் வந்ததுல அந்த நீளத்தையே குத்தியிருப்பான். இப்போ பொதுவா வர்ற தோட்டா 70 மில்லிமீட்டர். "போட்டுப் பாத்தேன் அப்பிச்சி, சும்மா அளவெடுத்தாப்புல உக்காந்துக்குச்சு"ன்னு நீ ஓடி வருவ. உக்காரத்தான் செய்யும். 70ங்கறது வெடிச்சு வாய் விரிஞ்ச பொறவு இருக்கற நீளம். வெடிக்கறதுக்கு முன்னால வாய் மடிஞ்சு குட்டையாத்தான் இருக்கும், 65லயும் சமத்தா உள்ள போயிரும். வெடிக்கையில வாய் விரியறதுக்கு எடமில்லாம கொழல் குறுகற எடத்துல போயி நெருக்கும், அழுத்தம் எகிறிப்போகும். உள்ள போறதெல்லாம் பொருந்துனதுன்னு நெனைக்கறவன் பம்பு பண்ணலாம், துப்பாக்கி வெச்சுக்கக் கூடாது.

இனிக் கொழலுக்குள்ள பாரு. சன்னலப் பாத்துத் தூக்கிப் புடி. சட்டத்தோட நெழலு உள்ளார நேர்கோடா ஓடோணும். கோடு எங்கயாச்சும் நெளிஞ்சா அங்க ஒடுங்கியிருக்குதுன்னு அர்த்தம். வளையமாட்டம் ஒரு கருப்பு தெரிஞ்சா அது ஒடுக்கில்ல, வீக்கம். எப்பவோ உள்ள மண்ணோ துணியோ அடைச்சிருக்கையில வெடிச்சு உப்பியிருக்குது. ஒடுக்க, வேலை தெரிஞ்ச ஆசாரி எடுத்துருவான். வீங்கினது வீங்கினதுதான். அம்மைத் தழும்பாட்டம் குழி குழியா இருந்தா துரு தின்னது. அப்படி ஒண்ணும் இல்லாம உள்ளாரப் பளபளன்னு மின்னுனா? அங்கதான் கண்ணு நீ வாயப் பொளந்துட்டு நின்னிருப்ப. நூறு வருசத்துத் துப்பாக்கி மின்னறதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு, ஒரு புண்ணியவான் ஒவ்வொரு தடவையும் தொடச்சு எண்ணெய் போட்டு வெச்சிருக்கோணும். இன்னொண்ணு, துரு தின்ன குழிய மறைக்க யாரோ உள்ளாரச் சாணை புடிச்சிருக்கோணும். புண்ணியவானுங்க எண்ணிக்கை கம்மி.

எது உண்மைன்னு யாரையும் கேக்க வேண்டாம், அளந்து பாத்தாப் போதும். 12 போருன்னா என்ன? ஒரு பவுண்டு ஈயத்தப் பன்னெண்டு சம உருண்டையா உருட்டினா, அதுல ஒரு உருண்டை போற அளவு. அது .729 அங்குலம். உள் அளவு என்னங்கறதும் முத்திரையோட முத்திரையாக் குத்தியிருக்கும். இப்போ போர் கேஜப் போடு. சாணை புடிச்சுப் புடிச்சு, குத்தின அளவுக்கு மேல 10 தௌ தாண்டிப்போச்சுன்னா இங்கிலாந்துல அத சோதனைக் கணக்குல இருந்தே தள்ளிருவாங்க, மறுபடியும் வெடிச்சுப் பாத்து முத்திரை வாங்காம விக்க முடியாது. உள்ள அளந்தா மட்டும் பத்தாது, கொழலோட சுவத்துக் கனமும் அளக்கோணும். சுவரு 20 தௌவுக்குக் கீழ, அரை மில்லிமீட்டருக்குப் போயிருச்சுன்னா வெவரந்தெரிஞ்சவன் ஒரு கும்பிடு போட்டு அங்கயே வெச்சுட்டு வந்துருவான். உன்ற பட்டறையில இந்த வேலைக்கு ஒரு நிமிசம் ஆகுமா? அந்த ஒரு நிமிசத்த உட்டுப்போட்டு ஒரு சாயங்காலம் பூராப் புலிக் கதை கேட்டுட்டு வந்திருக்கற.

கொழல அடியில இருக்கற கொக்கியில ஒரு வெரலுல தொங்க உட்டு நெகத்தால சுண்டு. ணங்குன்னு நீளமாப் பேசோணும். டொக்குன்னு அமுங்கினா நடுப்பட்டையோட பத்தவெப்பு எங்கயோ உட்டுப்போச்சு, உள்ளார ஈரமும் துருவும் குடியிருக்குது. அப்படியே முன் நுனியப் பாரு. ரெண்டு கொழலும் ஒண்ணையொண்ணு தொட்டுட்டு நிக்கோணும். நடுவால சந்து இருந்து அதுல ஈயத்தையோ தகரத்தையோ வெச்சு அடைச்சிருந்தா, ஒரு மகான் நுனிய வெட்டியிருக்கறான். வெட்டினதோட, ரவை சிதறாம இருக்க நுனியக் குறுக்கி வெச்சிருந்த சோக்கும் போச்சு, ரவை சிதறிப்போகும். அனுமதி இல்லாம கொழலக் குறைக்கறது சட்டப்படியே குத்தம். வெட்டினது விக்கறவன்ற தாத்தன், கையில வெச்சிருக்கறது நீ. ஸ்டேசன்ல தாத்தனக் கூப்புட முடியாது.

அப்பறம் அந்தக் கொழலு மேல நெளி நெளியா வரி ஓடுதுன்னு சொன்னயல்ல? "டமாஸ்கஸ் அப்பிச்சி! நம்ம கொடுமணல் உருக்கு அப்பிச்சி!" கொடுமணல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலயே இரும்பு உருக்கினது நெசந்தான், நம்ம சீமைக்குப் பெருமைதான். இந்தக் கொழலுக்கும் அதுக்கும் ஒட்டுமில்ல, ஒறவுமில்ல. இரும்புக் கம்பியும் எஃகுக் கம்பியும் சேத்து முறுக்கி, பட்டையா அடிச்சு, ஒரு தண்டு மேல சுத்திச் சூட்டுல அடிச்சு ஒட்ட வெச்சது இது. பர்மிங்காமுலயும் லியேஜுலயும் செஞ்சாங்க. நல்ல கைவேலை, மறுக்கல. ஆனா கொழல் நீளத்துக்கும் ஒட்டு இருக்குது. ஒவ்வொரு ஒட்டுலயும் கசடு தங்கித் துரு உள்ளுக்குள்ள நடக்கும், வெளிய தெரியாது. நைட்ரோ முத்திரை வாங்குன டமாஸ்கஸ் உண்டு. முத்திரை இல்லாதத செவுத்துல மாட்டலாம், தோள்ல மாட்டக் கூடாது. இதுலயும் போலி இருக்குது. சாதாக் கொழல் மேல வரி மட்டும் போட்டுக் குடுத்தவனும் இருந்திருக்கறான். கொடுமணலுக்கே கோவம் வரும்.

பூட்டுப் பக்கம் வா. முன்கட்டையக் கழட்டிப்போட்டுக் கொழல மட்டும் மாட்டி மூடு. பின்கட்டையப் புடிச்சுட்டு இக்கட்டயும் அக்கட்டயும் ஆட்டு. லொடலொடன்னா கீலு தேஞ்சுபோச்சு. உன்ற பாஷையில சொன்னா பிளே வந்துருச்சு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா கொழலுக்கும் பின்சுவத்துக்கும் நடுவால கோடு தெரியும். ஆட்டறதுக்கு முன்னால ஒரு துணியால நல்லாத் தொட. எதுக்குங்கறயா? கிரீஸக் கெட்டியா அப்பி வெச்சா ஆட்டம் ரெண்டு நாளைக்குத் தெரியாது. வண்டி விக்கறவன் மட்டுந்தான் கியர் பாக்ஸ்ல வேலை காட்டுவான்னு நெனைக்காத.

திருகாணித் தலையப் பாரு கண்ணு. ஒரு துப்பாக்கியப் பத்தி ஊரே சேந்து பொய் சொன்னாலும் திருகாணி சொல்லாது. நல்ல பட்டறையில செஞ்சதுல தலையில இருக்கற காடி மயிரிழையா, ஓரம் கலையாம, எல்லாம் ஒரே தெசையப் பாத்து நிக்கும். காடி வாய் கிழிஞ்சு, பல்லு எகிறி, ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டு இருந்தா சைக்கிள் கடை ஸ்க்ரூடிரைவர் உள்ளார போயிட்டு வந்திருக்குது. என்னத்த எடுத்தான், என்னத்தப் போட்டான்னு அந்த சைக்கிள் கடைக்காரனுக்குத்தான் வெளிச்சம். கொழல், பூட்டு, முன்கட்டை மூணுலயும் நம்பர் ஒண்ணா இருக்குதான்னும் பாத்துக்க. மூணு நம்பர் இருந்தா மூணு துப்பாக்கியோட பொணத்த ஒண்ணாத் தைச்சிருக்கறான்.

பின்கட்டை வால்நட் மரம். இரும்பும் மரமும் சேர்ற கழுத்துல, இரும்பு நாக்குக்குப் பின்னால, மயிரு மாதிரி விரிசல் ஓடுதான்னு பாரு. அங்க மரம் கன்னங்கரேல்னு மெத்துமெத்துன்னு இருந்தா எண்ணெய் குடிச்சு ஊறிப்போச்சு. பய பக்தியா எண்ணெய ஊத்தி, பின்கட்டை தரையில நிக்கறாப்புலயே வருசக்கணக்கா மூலையில சாத்தி வெச்சிருப்பாங்க. எண்ணெய் எறங்கி எறங்கி மரத்துக்குள்ள போயிருக்கும். எண்ணெய் போட்டாக் கொஞ்ச நாளு நுனி கீழ வர்றாப்புல வெக்கோணும்னு அந்தப் பக்திக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. மேல வார்னிஷ் அடிச்சுப் பளபளன்னு இருந்தா, எத மறைக்கறாங்கன்னு இன்னும் நெருங்கிப் பாரு. கொழலுக்குப் புதுசாக் கருப்புச் சாயம் ஏத்தி, பூ வேலப்பாடு மட்டும் தேஞ்சு மழுங்கிக் கெடந்தா அதுவும் அதே கதைதான். கெழவிக்கு மை போட்டு உட்டா கொமரி ஆயிருவாளா? உன்ற அமுச்சி காதுல இது உழுந்துராமப் பாத்துக்க.

இத்தனையும் தேறிப்போச்சுன்னே வெச்சுக்கோ. வெல என்ன குடுக்கறது? துப்பாக்கிக்கு என்னவோ அதக் குடு. ஜமீனுக்குக் குடுக்காத, போட்டோவுல மீசைய முறுக்கிட்டு நிக்கறவருக்குக் குடுக்காத, வெள்ளைக்காரத் தொரை பரிசாக் குடுத்தான்ங்கறதுக்குக் குடுக்காத. தொரை குடுத்ததுன்னா காயிதம் காட்டச் சொல்லு. உண்மையச் சொல்லட்டா? நீ துப்பாக்கி வாங்கலடா, அவனுங்க ஊட்டுத் தாத்தன வாங்கற. புது ஊட்டு ஹால்ல மாட்டி, வர்ற ஒறம்பரைக்கெல்லாம் எங்க ஊட்டு துப்பாக்கின்னு காட்டோணும், அதான? இங்க உசுரோட ஒரு அப்பிச்சி சும்மா கெடக்கறேன். எனக்கு ஒரு கவுளி வெத்தல வாங்கித்தர நாதியில்ல.

கடைசியாச் சட்டம். "பழசு அப்பிச்சி, லைசென்சு வேண்டாமாம்"னு எவனோ சொன்னாங்கற. 1959ஆம் வருசத்து ஆயுதச் சட்டத்துல பழங்காலத்து ஆயுதத்துக்கு வெலக்கு இருக்குது, துப்பாக்கியாப் பயன்படாத நெலமையில இருந்தாத்தான். தோட்டாப் போட்டா வெடிக்கற 12 போரு எத்தனை கெழவனானாலும் துப்பாக்கிதான். கலெக்டர்கிட்ட லைசென்சு வாங்கோணும். விக்கறவன்ற லைசென்சுல இதே நம்பர் ஏறியிருக்குதான்னு பாக்கோணும். தாத்தன் பேருல இருந்த லைசென்சு தாத்தனோட போச்சு. வாரிசு பேருக்கு மாத்தாம ஊட்டுல வெச்சிருக்கறவன் விக்கறதுக்கு உரிமைப்பட்டவனே இல்ல. 2019ல சட்டத்தத் திருத்தி ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிக்கு மேல கூடாதுன்னுட்டாங்க, பரம்பரைச் சொத்தா வந்ததும் அந்தக் கணக்குலதான். எலெக்சன் வந்தா ஸ்டேசன்ல கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லுவாங்க. இங்க ஊராட்சி, கூட்டுறவு, சட்டசபை, பார்லிமெண்டுன்னு எலெக்சனுக்குப் பஞ்சமா? உன்ற புலித் துப்பாக்கி காட்டப் பாத்ததவிட ஸ்டேசனப் பாத்ததுதான் எச்சா இருக்கும்.

விக்கறவனும் நெனச்ச அன்னிக்குக் கையில தூக்கிக் குடுத்துர முடியாது. விக்கப்போறேன்னு கலெக்டருக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேசனுக்கோ மொதல்ல எழுதிக் குடுக்கோணும், அதுக்கப்பறம் 45 நாள் கழியோணும். அவுங்க விசாரிக்கறதுக்குன்னு அந்த 45 நாள வெச்சிருக்கறாங்க. என்னையக் கேட்டா வாங்கறவனுக்கு ஆசை தெளியறதுக்கும் அது போதும். அப்பவும் தெளியலீன்னா போர் கேஜத் தூக்கிட்டு வா, நானும் வர்றேன். அவன்ற பேச்ச நான் திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சுட்டே கேட்டுக்கறேன். நீ உள்ளார போயி வாயத் தொறக்காம அளந்துட்டு வா. கனம் 20 தௌவுக்குக் கீழன்னா ஒரு இருமல் இருமு, காப்பிய முடிச்சுட்டுக் கெளம்பிரலாம்.